8.2 லிட்டர் என்ஜின், 190 குதிரைத்திறன்தான்! அமெரிக்காவின் ‘கப்பல்’ கார்களுக்கு என்ன ஆச்சு?

1976 ஏப்ரல் 21. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், கிளார்க் தெருவில் இருந்த கேடிலாக் தொழிற்சாலையிலிருந்து வெள்ளை நிற எல்டொராடோ கார் ஒன்று உருண்டு வெளியே வந்தது. கூரையை மடித்துவிட்டு ஓட்டுகிற கன்வெர்ட்டிபிள் ரகம். நீளம் சுமார் 5.7 மீட்டர். நம் ஊரில் நாலு மீட்டருக்குள் அடங்கிவிடும் ஹேட்ச்பேக்கைப் பக்கத்தில் நிறுத்தினால் அதன் குட்டி மாதிரி தெரியும். ‘அமெரிக்காவின் கடைசி கன்வெர்ட்டிபிள்’ என்று சொல்லித்தான் அதை விற்றார்கள்.

பானட்டைத் திறந்தால் 500 கன அங்குல வி8 என்ஜின். நம் கணக்கில் 8.2 லிட்டர். நம்ம ஊர் சின்ன கார்களில் இருக்கும் 1.2 லிட்டர் என்ஜின்கள் ஏழு சேர்ந்தால் எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு.

சரி, சக்தி எவ்வளவு? வெறும் 190 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு 2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் அலட்டிக்கொள்ளாமல் தருகிற சக்தி. இத்தனைக்கும் 1970-ல் இதே என்ஜின் அறிமுகமானபோது கேடிலாக் சொன்ன கணக்கு 400 குதிரைத்திறன்! ஆறே ஆண்டில் 210 குதிரைகள் காணாமல் போயிருக்கின்றன. எங்கே போயின?

அந்தக் குதிரைகளைத் தேடிப் போனால் அமெரிக்கப் பெரிய கார்களின் மொத்தக் கதையும் கிடைக்கிறது. பெட்ரோலில் கலந்த விஷம், போர் விமானத்தைப் பார்த்துச் செய்த வால், மேலிடத்தை ஏமாற்றிப் பிறந்த ஒரு கார், லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டம், அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை எல்லாம் அதில் இருக்கின்றன. எட் கோல் என்ற ஒரு என்ஜினீயர் பல இடங்களில் வந்துகொண்டே இருப்பார். அவரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபுல் சைஸ், மிட் சைஸ்: அவங்க அளவே வேற!

முதலில் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் ‘ஃபுல் சைஸ்’ என்றால் ஆறு பேர் தாராளமாக உட்காரும் குடும்பக் கார். முன்பக்கம்கூட சோபா மாதிரி ஒரே நீள சீட். செவர்லே இம்பாலா, ஃபோர்டு கேலக்ஸி, ப்ளிமத் ஃப்யூரி எல்லாம் இந்த ரகம். நம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் மில் முதலாளி வந்து இறங்குவாரே, ‘கப்பல் மாதிரி கார்’ என்று ஊரே வாய் பிளக்குமே, அந்த வகையறாதான்.

‘மிட் சைஸ்’ 1960-களில் தனி ரகமாக நிலைபெற்றது. 1962 ஃபோர்டு ஃபேர்லேன், 1964 செவர்லே ஷெவல், பான்டியாக் டெம்பெஸ்ட் போன்றவை. நடுத்தரம் என்று பெயர்தானே தவிர, ஷெவல் கிட்டத்தட்ட 5 மீட்டர் நீளம். அவர்களுக்கு அது மீடியம். நமக்கு அது பார்க்கிங் பிரச்சினை.

இரண்டு ரகத்துக்கும் பொதுவான இதயம் வி8 என்ஜின். எட்டு சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தினால் என்ஜின் ரயில் பெட்டி மாதிரி நீண்டுவிடும். நாலு நாலாகப் பிரித்து ‘வி’ எழுத்து வடிவத்தில் சாய்த்து வைத்தால் நீளம் பாதியாகும், ஓட்டமும் அதிராமல் வழுக்கிக்கொண்டு போகும். பணக்காரர்களின் கார்களில் மட்டும் இருந்த இந்த ஏற்பாட்டை 1932-ல் சாதாரண மக்களின் விலைக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி ஃபோர்டு. அந்த 3.6 லிட்டர் என்ஜின் 65 குதிரைத்திறன் தந்தது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருந்த பழைய அமைப்பு அது. அதை வைத்துக்கொண்டு சக்தியை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியவில்லை.

பெட்ரோலில் கலந்த ஈயம்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று சூடாகும். என்ஜினிலும் இதுதான் நடக்கிறது. சிலிண்டருக்குள் இழுத்த காற்று, பெட்ரோல் கலவையை பிஸ்டன் அமுக்குகிறது. எட்டுப் பங்கு இடத்தில் இருந்ததை ஒரு பங்கு இடத்துக்குள் சுருக்கினால் அமுக்க விகிதம் 8:1. மெக்கானிக் பாஷையில் கம்ப்ரெஷன் ரேஷியோ. எவ்வளவு அமுக்குகிறோமோ, அதே சொட்டு பெட்ரோலிலிருந்து அவ்வளவு அதிக சக்தி கிடைக்கும்.

அப்போ நிறைய அமுக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ரொம்ப அமுக்கினால் கலவை சூடாகி, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த நெருப்பு வந்து சேர்வதற்கு முன்பே மூலையில் தானாக வெடித்துவிடும். ‘நாக்கிங்’ என்கிற டக் டக் சத்தம் அதுதான். தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகும்.

இதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் (இனி ஜிஎம்) கண்டுபிடித்த மருந்துதான் டெட்ரா எத்தில் லெட், அதாவது ஈயம் கலந்த ஒரு திரவம். கார்களுக்கு செல்ஃப் ஸ்டார்ட்டரை உருவாக்கிய சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில், 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் இதன் திறனைக் கண்டறிந்தார். (ஓசோன் படலத்தைக் கெடுத்த சி.எஃப்.சி. வாயுவை ஃபிரிட்ஜுக்குக் கொண்டுவந்ததிலும் பின்னாளில் இவருக்குப் பங்கு உண்டு. என்ன கை ராசியோ!)

ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த விஷயம். அதனால் விற்கும்போது ‘ஈயம்’ என்ற சொல்லையே தவிர்த்து ‘எத்தில்’ என்று பெயர் வைத்தார்கள். 1924 அக்டோபரில், நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்டு ஆயிலின் பேவே ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் மனநிலை பிறழ்ந்து, ஐந்து பேர் இறந்தார்கள். கொஞ்ச காலம் விற்பனை நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு நிற்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அடுத்து வரப்போகிற கார்களின் கெத்து முழுவதும் இந்த ஈயத்தின் தயவில் வந்தது.

1949, 1955: எட் கோல் வருகிறார்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜிஎம் ஒரே ஆண்டில் இரண்டு புது வி8 என்ஜின்களை இறக்கியது. 1949 மாடல் ஓல்ட்ஸ்மொபில் ‘ராக்கெட்’ 5 லிட்டர், 135 குதிரைத்திறன். கேடிலாக் 5.4 லிட்டர், 160 குதிரைத்திறன். இரண்டிலும் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இருந்தன. ஈயம் கலந்த நல்ல பெட்ரோல் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், பின்னாளில் அமுக்க விகிதத்தை ஏற்றிக்கொண்டே போக வசதியாக வடிவமைத்தார்கள். ஓல்ட்ஸ்மொபில் இன்னொரு வேலையும் செய்தது. பெரிய என்ஜினைத் தூக்கி, எடை குறைந்த ‘88’ மாடலில் வைத்தது. இந்த ஐடியா பின்னால் பெரிய கலாட்டாவுக்கு வழிவகுத்தது. அதற்கு வருவோம்.

கேடிலாக் என்ஜினை உருவாக்கியவர்களில் ஒருவர் எட் கோல். அதன் பிறகு அவர் செவர்லேவுக்கு மாறினார். ‘உங்கள் அப்பா ஓட்டிய கார்’ என்ற பெயரோடு, ஆறு சிலிண்டரில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்த நிறுவனம் அது. 1955 மாடலுக்கு கோல் அணி கொடுத்த 4.3 லிட்டர் வி8, பழைய ஆறு சிலிண்டர் என்ஜினைவிட எடை குறைவு. இரும்பு வார்ப்பை மெல்லிசாக்கினார்கள். வால்வைத் திறக்கும் ராக்கர் ஆர்ம்களைக் கனமான தண்டில் கோர்க்காமல், தகட்டை அழுத்தித் தனித்தனியாகச் செய்தார்கள். மலிவு, எடை குறைவு, வேகமான சுழற்சி. ஆரம்ப நிலையிலேயே 162 குதிரைத்திறன்.

‘ஸ்மால் பிளாக்’ என்று பெயர் பெற்ற அந்த அடிப்படை வடிவம் 4.3 லிட்டரிலிருந்து 4.6, 5.4, 5.7 என்று வளர்ந்துகொண்டே போனது. 2011-ல் ஜிஎம் தன் 10 கோடியாவது ஸ்மால் பிளாக் என்ஜினைத் தயாரித்தது. என்னைக் கேட்டால், அமெரிக்கக் கார் வரலாற்றில் எந்த வால்துடுப்பையும்விடப் பெரிய சாதனை இந்த என்ஜின்தான். போஸ்டரில் போட்டால் அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

போர் விமானத்தின் வால்

அழகுப் பக்கத்தைக் கவனித்தவர் ஹார்லி ஏர்ல். ஹாலிவுட்டில் நடிகர்களுக்குக் கார் உடல் கட்டிக்கொடுத்த குடும்பத்திலிருந்து வந்தவர். 1927-ல் ஜிஎம் அவருக்காகவே ‘ஆர்ட் அண்டு கலர்’ என்ற பிரிவைத் தொடங்கியது. தகட்டைத் தட்டுவதற்கு முன் களிமண்ணில் முழு அளவுக் காரைச் செய்து பார்க்கும் முறையை வழக்கமாக்கியது அவர் அணிதான். கார் தாழ வேண்டும், நீள வேண்டும். அவருடைய கொள்கை இவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் வியாபாரக் கணக்கும் இருந்தது. ஜிஎம் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், ஒவ்வோர் ஆண்டும் காரின் தோற்றத்தை மாற்ற வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். போன வருஷக் கார் பழசாகத் தெரிந்தால்தானே இந்த வருஷக் காரை வாங்குவார்கள்? புது போன் வந்ததும் கையில் இருக்கும் போன் திடீரென அசிங்கமாகத் தெரிகிறதே, அதேதான்.

போர்க்காலத்தில் ஏர்லும் அவர் ஆட்களும் பி-38 லைட்னிங் என்ற இரட்டை வால் போர் விமானத்தைப் பார்த்தார்கள். அந்த வால் மனதில் தங்கிவிட்டது. 1948 கேடிலாக்கின் பின்பக்கத்தில் சின்னதாக இரண்டு துடுப்புகள் முளைத்தன. மக்களுக்குப் பிடித்துப்போனது.

1957-ல் கிரைஸ்லர் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் வர்ஜில் எக்ஸ்னர் ஒரு போடு போட்டார். தாழ்ந்த, கத்தி மாதிரி கூரான கார்கள், பின்னால் ஓங்கி நின்ற துடுப்புகள். 1960 இப்போதே வந்துவிட்டது என்கிற ரீதியில் விளம்பரம். 1956 ஆகஸ்டில், ஜிஎம்மின் இளம் வடிவமைப்பாளர் சக் ஜோர்டன் மதிய உணவு நேரத்தில் காரில் போகும்போது, கிரைஸ்லர் வளாகத்தின் வேலிக்குப் பின்னால் இந்தப் புது ப்ளிமத் கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டார். அலுவலகம் திரும்பிச் சொன்னதும், ஆள் ஆளாகப் போய் வேலி வழியே எட்டிப் பார்த்தார்கள். தாங்கள் 1959-க்காகச் செய்து வைத்திருந்தது இதற்கு முன்னால் பாட்டி கார் என்பது புரிந்தது. ஏர்ல் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். தலைவர் ஊரில் இல்லாத நேரத்தில், அவருடைய துணைவர் பில் மிட்செல் தலைமையில் எல்லாவற்றையும் ஓரம்கட்டிவிட்டுப் புதிதாக வரையத் தொடங்கிவிட்டார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் 1959 கேடிலாக். வாலில் ராக்கெட் நெருப்பு மாதிரி இரட்டை டெயில் லாம்ப், அதற்கு மேலே வானைக் குத்தும் துடுப்பு. அமெரிக்கக் கார் என்று கூகுளில் தேடினால் முதலில் வரும் படங்களில் இது கட்டாயம் இருக்கும். அந்த ஆண்டு செவர்லேவின் துடுப்போ வௌவால் இறக்கை மாதிரி படுத்துக்கொண்டது. இவ்வளவு கூத்துக்கும் காரணமான 1957 கிரைஸ்லர் கார்கள் அவசரத் தயாரிப்பால் சீக்கிரமே துருப்பிடித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டன என்பது தனிக்கதை.

துடுப்பால் எந்தப் பயனும் இல்லை. ஆபத்து இருந்தது. வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீடு’ புத்தகத்தில், நின்றிருந்த கேடிலாக்கின் துடுப்பில் சைக்கிளோடு மோதி ஒரு சிறுமி இறந்த சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். அதே புத்தகத்தின் முதல் அத்தியாயம் செவர்லே கோர்வேர் என்ற காரைப் பற்றியது. திருப்பங்களில் ஆபத்தாக நடந்துகொள்ளும் அதன் பின் சஸ்பென்ஷன்தான் குற்றச்சாட்டு. கோர்வேரை உருவாக்கியது யார்? நம்ம எட் கோல்தான்! அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

மேலிடத்துக்குத் தெரியாமல் ஒரு கார்

துடுப்பு போனது, அடுத்த போதை வேகம். 1965-ல் இம்பாலா மட்டும் ஒரே ஆண்டில் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் இளைஞர்களின் கண் மிட் சைஸ் மீது இருந்தது.

ஜிஎம்மில் ஒரு விதி: மிட் சைஸ் காரில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது 5.4 லிட்டருக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது. பான்டியாக் பிரிவின் தலைமை என்ஜினீயர் ஜான் டிலோரியன். ஆம், ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் காலப் பயணம் போகிற காரைப் பின்னாளில் தயாரித்த அதே டிலோரியன்தான். அவருடைய அணி கவனித்த விஷயம், தங்கள் 5.3 லிட்டர் என்ஜினும் ஃபுல் சைஸ் காரின் 6.4 லிட்டர் என்ஜினும் வெளி அளவில் ஒன்றுதான். அப்படியே தூக்கி மாட்டலாம்.

விதி? அது புது மாடலுக்குத்தானே! இவர்கள் அதை மாடலாகவே காட்டவில்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு 300 டாலருக்குள் ஒரு ‘கூடுதல் ஆப்ஷன்’ என்று பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். ஃபெராரியிடமிருந்து பெயரைச் சுட்டு ‘ஜிடிஓ’ என்று வைத்தார்கள். 5,000 கார் போதும் என்பது திட்டம். 1964-ல் விற்றது 32,450. லாபத்தைப் பார்த்த பிறகு விதியாவது ஒன்றாவது!

அதன் பிறகு நடந்தது ‘மசில் கார்’ போட்டி. 1966-ல் கிரைஸ்லர் தன் 7 லிட்டர் ஹெமி என்ஜினை மிட் சைஸ் கார்களில் வைத்து 425 குதிரைத்திறன் என்றது. 1970 ஷெவல் எஸ்எஸ் 454-ன் உச்ச என்ஜின் 7.4 லிட்டர், 450 குதிரைத்திறன். அதன் அமுக்க விகிதம் 11.25:1. ஈயம் நிறைந்த உயர்ரக பெட்ரோல் இல்லாமல் அது ஓடாது.

பிரேக், டயர் எல்லாம் இந்த வேகத்துக்கு வளரவில்லை. இந்தக் கார்களை வாங்கும் இளைஞர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தை ஏற்றின. கட்சி முடிவதற்கு முன்பே பாதிப் பேர் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் 35 குதிரைகள்: ஈயத்துக்குக் கணக்குத் தீர்த்த ஆள்

லாஸ் ஏஞ்சலஸ் நகரை மூடிய கண்ணெரிச்சல் புகைக்குக் காரணம் கார்தான் என்பதை வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். முழுதாக எரியாத பெட்ரோலும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன. கார் நிறுவனங்கள் இழுத்தடித்தன. 1970-ன் கடைசி நாளில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம், ஐந்தே ஆண்டில் கார் புகையின் முக்கிய நச்சுகளை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது.

அதைச் செய்ய இருந்த நல்ல வழி கேட்டலிடிக் கன்வெர்ட்டர். சைலன்சருக்கு முன்னால், பிளாட்டினம் பூசிய ஒரு டப்பா. புகை அதன் வழியே போகும்போது நச்சு வாயுக்கள் மாறிவிடும். ஆனால் பெட்ரோலில் ஈயம் இருந்தால் பிளாட்டினத்தின் மேல் படிந்து டப்பாவைச் சாகடித்துவிடும். கன்வெர்ட்டர் வேண்டுமா, ஈயம் போக வேண்டும். ஈயம் போனால் அமுக்க விகிதம் இறங்க வேண்டும்.

அப்போது ஜிஎம் பிரசிடென்ட் யார் தெரியுமா? எட் கோல்! 1949-லும் 1955-லும் உயர் அமுக்க வி8 என்ஜின்களைக் கொடுத்த அதே மனிதர், 1970 தொடக்கத்தில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1971 மாடல்களிலிருந்து ஜிஎம் கார்கள் ஈயம் குறைந்த சாதாரண பெட்ரோலில் ஓடும் என்றும் அறிவித்தார். ஈயத்தைப் பெட்ரோலுக்குள் கொண்டுவந்த நிறுவனமே அதை வெளியேற்றக் கிளம்பியது. (எத்தில் நிறுவனத்தில் இருந்த பங்கை ஜிஎம் 1962-லேயே விற்றிருந்தது. அதனால் மனசு கொஞ்சம் லேசாக இருந்திருக்கலாம்.)

எல்டொராடோவின் அமுக்க விகிதம் 10:1-லிருந்து 9:1 ஆனது. 400 குதிரைத்திறன் 365 ஆனது. காணாமல் போனவற்றில் 35 கிடைத்துவிட்டன.

1974 ஜூலை முதல் அமெரிக்க பங்குகளில் ஈயம் இல்லாத பெட்ரோல் கட்டாயமானது. அதற்குத் தனியாக மெல்லிய குழாய் வைத்தார்கள். பழைய ஈய பெட்ரோலின் தடித்த குழாய் புது காரின் டேங்க் வாயில் நுழையாது. எளிய ஏற்பாடு, உருப்படியான ஏற்பாடு.

கன்வெர்ட்டரைக் காப்பாற்றக் கொண்டுவந்த அந்த மாற்றமும், உடல்நலத்துக்காகத் தனியாக வந்த ஈயக் குறைப்பு விதியும் சேர்ந்து மனிதர்களைக் காப்பாற்றின. 1976-லிருந்து 1980-க்குள் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. அதற்கு முந்தைய பாதிப்பு சாதாரணமானதாக இல்லை. உயிரோடிருக்கும் அமெரிக்கர்களில் 17 கோடிக்கும் அதிகமானோர் சிறு வயதில் ஆபத்தான அளவு ஈயத்துக்கு ஆளானவர்கள் என்று 2022-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சிறு வயதில் ஈயம் உடலில் சேர்ந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லா பெட்ரோல் வந்தது 1995 ஏப்ரலில். நாடு முழுவதும் ஈயம் நீங்கியது 2000-ல். உலகத்தில் கடைசியாக, அல்ஜீரியாவில் நின்றது 2021-ல்தான்.

130 குதிரைகள்: கிராஸ் சம்பளம், கைக்கு வரும் சம்பளம்

அடுத்தது சுவாரஸ்யமான பகுதி. 1971 மாடல் எல்டொராடோவின் கணக்கு 365. 1972-ல் 235. ஒரே ஆண்டில் 130 குதிரைகள் போச்சு. ஆனால் என்ஜின் கிட்டத்தட்ட அதே என்ஜின்!

வேலைக்குச் சேரும்போது ஆஃபர் லெட்டரில் ஒரு தொகை இருக்கும். மாசக் கடைசியில் வங்கிக் கணக்கில் வேறொரு தொகை வரும். அதேதான். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் சொன்னது ‘கிராஸ்’ குதிரைத்திறன். என்ஜினைக் காரிலிருந்து எடுத்து, சோதனை மேடையில் தனியாக ஓட்டுவார்கள். ஏர் ஃபில்டர் கிடையாது, ஆல்டர்னேட்டர் சுமை கிடையாது, சைலன்சர் கிடையாது. தடையே இல்லாமல் மூச்சு விடும் என்ஜின் காட்டும் எண் அது. அந்த நிலையில் எந்தக் காரும் ரோட்டில் ஓடாது.

1972-லிருந்து ‘நெட்’ கணக்கு வந்தது. காரில் இருப்பது போலவே எல்லாவற்றையும் மாட்டி அளப்பது. 1971-ல் சில கார்களுக்கு ஜிஎம் இரண்டு எண்களையும் வெளியிட்டது. 7.4 லிட்டர் ஷெவல் ஒன்றுக்கு கிராஸ் 365, நெட் 285. ஆக, நம் 210 குதிரைகளில் 130, அதாவது பாதிக்கு மேல், தொழுவத்தில் இருந்ததே இல்லை. ‘அரசாங்கம் ஒரே ராத்திரியில் மசில் காரைக் கொன்றுவிட்டது’ என்று இன்றைக்கும் யூடியூபில் உருகுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கடைசி 45: புகைக் குழாயும் பெட்ரோல் வரிசையும்

235-லிருந்து 190-க்கு இறங்கியது நிஜமான இழப்பு. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப சிலிண்டருக்குள்ளேயே அனுப்பும் அமைப்பு, தள்ளிப்போட்ட ஸ்பார்க், 1975 மாடலில் வந்த கன்வெர்ட்டர் எல்லாம் என்ஜினின் மூச்சை அடைத்தன. அளந்து பெட்ரோல் கொடுக்கும் கணினி அப்போது இல்லை. குத்துமதிப்பாக ஊற்றும் கார்புரேட்டரை வைத்துக்கொண்டு நுணுக்கமான புகை விதிகளைச் சமாளிக்கப் பார்த்தார்கள்.

அதே நேரத்தில்தான் 1973 அக்டோபர் வந்தது. இஸ்ரேலுக்கு ஆதரவு தந்த அமெரிக்காவுக்கு அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தன. பேரல் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பங்குகளில் நீண்ட வரிசை. சில மாநிலங்களில் நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பார்த்து ஒற்றைப்படை, இரட்டைப்படை நாள் முறை. நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ. வேகக் கட்டுப்பாடு. அந்தச் சமயத்தில் ஜிஎம் கார்களின் சராசரி மைலேஜ் லிட்டருக்கு ஏறக்குறைய 5 கி.மீ.! நம்ம ஊர் ஆள் ‘மைலேஜ் எவ்வளவு தரும்’ என்று கேட்டிருந்தால் ஷோரூமே தலை குனிந்திருக்கும்.

1975 டிசம்பரில் வந்த சட்டம், 1978-ல் நிறுவனத்தின் சராசரி லிட்டருக்கு சுமார் 7.7 கி.மீ., 1985-ல் 11.7 கி.மீ. என்று இலக்கு வைத்தது.

ஜிஎம் எடுத்த முடிவு துணிச்சலானது. 1977 இம்பாலா, கேப்ரிஸ் கார்களை ஏறக்குறைய 27 செ.மீ. குட்டையாக்கி, 270 கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தார்கள். வழிந்தோடும் வளைவுகள் போய், நேர்க்கோடும் நிமிர்ந்த கண்ணாடியுமாகப் பெட்டி வடிவம் வந்தது. 7.4 லிட்டர் என்ஜின் பட்டியலிலிருந்து காணாமல் போனது. ஆறு சிலிண்டர் அடிப்படையானது, வேண்டுமென்றால் கோலின் ஸ்மால் பிளாக் வி8. வெளியே சுருங்கிய காரில் உள்ளே தலைக்கு மேல் இடம் கூடியது, டிக்கியும் பெரிதானது. அதுவரை அந்த நீளமெல்லாம் எதற்கு இருந்தது என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். அந்த ஆண்டு மட்டும் மிட் சைஸ் மான்டி கார்லோ, ஃபுல் சைஸ் இம்பாலாவைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது! சின்னதாகிப் போன பெரிய காரை யாரும் வெறுக்கவில்லை. முதல் ஆண்டிலேயே 6 லட்சத்துக்கு மேல் விற்றது.

1974-ல் ஓய்வு பெற்ற எட் கோல், 1977 மே மாதம் மிச்சிகனில் தன் சிறு விமானத்தை ஓட்டிச் செல்லும்போது விபத்தில் இறந்தார்.

‘கடைசி கன்வெர்ட்டிபிள்’ என்று நம்பி 1976 எல்டொராடோவைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள் பலர், ஓட்டாமல் போர்வை போர்த்தி ஷெட்டில் பூட்டி வைத்தார்கள். 1984 மாடலில் கேடிலாக் மீண்டும் எல்டொராடோ கன்வெர்ட்டிபிளைக் கொண்டுவந்தது. கொதித்துப்போன சிலர் வழக்கே போட்டார்கள். பலிக்கவில்லை. சில நூறு மைல் மட்டுமே ஓடிய 1976 கார்கள் இப்போதும் ஏலத்துக்கு வருகின்றன.

பெட்டி வடிவ கேப்ரிஸ் டாக்ஸியாகவும் போலீஸ் வண்டியாகவும் நெடுங்காலம் ஓடியது. அதன் வாரிசை டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் ஆலையில் தயாரித்தார்கள். 1996-ல் அதை நிறுத்திவிட்டு, அந்த ஆலையைப் பெரிய எஸ்யூவிகளுக்கு மாற்றினார்கள். மைலேஜ் சட்டத்தில் எஸ்யூவி ‘இலகு ரக டிரக்’ கணக்கில் வருகிறது. கார்களைவிடத் தளர்ந்த விதி, கூடுதல் லாபம். இன்றைக்கு அங்கே உருவாகும் செவர்லே டாஹோவின் நீளம் 5.3 மீட்டருக்கு மேல். உள்ளே ஸ்மால் பிளாக் பரம்பரையில் வந்த 5.3 லிட்டர் வி8. 355 குதிரைத்திறன். அதுவும் நெட்.